சான்றிதழும் சிகிச்சையின் ஒரு பகுதியே

இளையரசனேந்தலிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்தும் டயாலிசிஸ் சிகிச்சைக்கு வருவோர் கையில் பெரும்பாலும் ஒரு துணிப்பை இருக்கும். அதிலுள்ள தாள்களை மேசைமேல் பரப்பினால், ஒரே வீட்டு முகவரிக்கு மூன்று மாவட்டங்களின் பெயர்களைக் காணலாம். பழைய வாக்காளர் அட்டையில் திருநெல்வேலி மாவட்டம், சங்கரன்கோவில் வட்டம் என்றிருக்கும். வருமானச் சான்றில் தூத்துக்குடி மாவட்டம், கோவில்பட்டி வட்டம் என்றிருக்கும். ஊராட்சியில் கட்டிய வீட்டுவரி ரசீதிலோ தென்காசி மாவட்டம், குருவிகுளம் ஒன்றியம் என்று அச்சாகியிருக்கும். அந்த மனிதர் எங்கும் குடிபெயர்ந்தவர் அல்லர். பிறந்த தெருவிலேயே வாழ்ந்து, அதே கரிசல் காட்டில் உழுது, அதே பேருந்தில் ஏறி வருபவர். இடம் மாறியவை அலுவலகங்களே.

2008ஆம் ஆண்டில் இளையரசனேந்தல் குறுவட்டம் சங்கரன்கோவில் வட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு, தூத்துக்குடி மாவட்டத்தின் கோவில்பட்டி வட்டத்துடன் இணைக்கப்பட்டது. கோவில்பட்டி அருகிலுள்ள நகரம் என்பதால் வருவாய்த் துறைப் பணிகளுக்கு அது நன்மையாகவே அமைந்தது. ஆனால் அக்குறுவட்டத்தின் 12 ஊராட்சிகளும் குருவிகுளம் ஒன்றியத்திலேயே விடப்பட்டன. 2019 நவம்பர் 22 அன்று தென்காசி தனி மாவட்டமானபோது குருவிகுளம் ஒன்றியம் அம்மாவட்டத்துக்குச் சென்றது. பட்டாவுக்கு ஒரு மாவட்டம், வீட்டுவரிக்கு வேறொரு மாவட்டம் என்ற நிலை அவ்வூர்களுக்கு நேர்ந்தது. இதைச் சரிசெய்யக் கோரி மக்கள் மனு கொடுத்தும் மறியல் செய்தும் பலமுறை போராடியதை இப்பகுதியினர் அறிவர்.

மாவட்ட எல்லைகளைப் பற்றி எழுதுவது சிறுநீரக மருத்துவனின் வேலையன்று என்று சிலர் நினைக்கலாம். அந்த எல்லைகள் நோயாளியின் உடலில் எங்கே வந்து சேர்கின்றன என்பதை நான் சொல்லியாக வேண்டும்.

சிறுநீரகம் செயலிழந்த ஒருவர் மூச்சுத்திணறலோடு முதன்முறையாக மருத்துவமனைக்கு வரும்போது, உயிரைக் காக்க உடனே கழுத்துப் பக்கத்துச் சிரையில் ஒரு தற்காலிகக் குழாயைச் செலுத்தி டயாலிசிஸ் தொடங்குகிறோம். அக்குழாய் சில வாரங்களுக்கு மட்டுமே உரியது. நிலையான வழி, கையில் தமனியையும் சிரையையும் இணைக்கும் ஃபிஸ்டுலா அறுவை சிகிச்சை. அதைச் செய்த பிறகும் அந்த இரத்தக்குழாய் தடித்துப் பயன்பாட்டுக்கு வர ஏறத்தாழ ஒன்றரை மாதம் ஆகும். சிலருக்கு இன்னும் கூடுதலாகும். அதுவரை கழுத்துக் குழாய் இருந்தாக வேண்டும். அது எவ்வளவு நாள் இருக்கிறதோ, அந்த அளவுக்குக் கிருமி உள்ளே செல்லும் வாய்ப்பும் கூடுகிறது. குளிரும் நடுக்கமுமாகக் காய்ச்சல் வந்து, கிருமி இரத்தத்தில் பரவி, இதய வால்வு வரை பாதிக்கப்படுவதும் உண்டு.

இதில் காகிதத்துக்கு என்ன பங்கு? காப்பீட்டு எண் கிடைக்காததால் ஃபிஸ்டுலா அறுவை சிகிச்சை இரண்டு வாரம் தள்ளிப்போனால், கழுத்துக் குழாயும் இரண்டு வாரம் கூடுதலாக இருக்கிறது. “தாசில்தார் ஆபீசில் அடுத்த வாரம் வரச் சொன்னார்கள்” என்று நோயாளியின் மகன் சொல்லும்போது, எனக்கு அது நிர்வாகச் செய்தியாகக் கேட்பதில்லை. இரத்தப் பரிசோதனை முடிவைப் போலவே கேட்கிறது. டயாலிசிஸ் நோயாளிக்கு வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாட்கள் சிகிச்சைக்குச் செல்கின்றன. ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் படுக்கை. முன்னும் பின்னும் பயணம். அன்று மாலை எழுந்து நிற்கவும் முடியாத சோர்வு. எஞ்சிய நாட்களில்தான் அவர் அலுவலகப் படியேற வேண்டும். அவருக்காகச் செல்லும் மனைவியோ மகனோ அன்றைய கூலியை இழக்கிறார். இலவசச் சிகிச்சையைப் பெறுவதற்கு ஏழைகள் இப்படிச் செலுத்தும் கட்டணம் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

ஆகவே என் கருத்தை வெளிப்படையாகவே சொல்கிறேன். சான்றிதழும் விண்ணப்பமும் ஒப்புதலும் சிகிச்சைக்கு வெளியே நிற்பவை அல்ல. அவை சிகிச்சையின் ஒரு பகுதி. அவற்றைக் கவனிக்கும் பொறுப்பு நோயாளியைவிட மருத்துவமனைக்கும் அலுவலகங்களுக்குமே கூடுதலாக உண்டு. ஓர் அரசு அலுவலகம் அறிந்த செய்தியை மற்றோர் அரசு அலுவலகத்துக்கு எடுத்துச் செல்லும் தூதராக நோயாளியைப் பயன்படுத்துவது முறையன்று.

இதற்கு மறுப்புரை ஒன்று உண்டு. அலுவலர்கள் பலர் அதை நேர்மையாகவே சொல்கின்றனர்: பொதுப்பணம் செலவாகும் இடத்தில் சரிபார்ப்பு வேண்டாமா, தகுதியற்றவர் புகுந்துவிட்டால் தகுதியுள்ளவருக்குத்தானே இழப்பு? இதை நான் ஏற்கிறேன். போலி அட்டைகளும் செய்யாத சிகிச்சைக்குப் பணம் கேட்கும் மருத்துவமனைகளும் இந்நாட்டில் இல்லாதவை அல்ல. சரிபார்ப்பு வேண்டியதுதான். ஆனால் சரிபார்ப்பவர் அலுவலராக இருக்க வேண்டும். குடும்ப அட்டை விவரம் அரசின் கணினியில் இருக்கிறது, ஆதார் இருக்கிறது, இளையரசனேந்தல் எந்த ஆண்டில் எந்த வட்டத்தில் இருந்தது என்பது அரசே வெளியிட்ட ஆணையில் இருக்கிறது. பழைய முகவரியும் புதிய முகவரியும் ஒரே ஊரைக் குறிப்பவை என்று மெய்ப்பிக்கும் வேலையை எழுபது வயதுப் பெரியவரிடம் விடுவதால் மோசடி எதுவும் தடுக்கப்படுவதில்லை. அவருடைய சிகிச்சைதான் தடைப்படுகிறது.

அடுத்து, இத்திட்டங்கள் எவருடைய கருணையும் அல்ல என்பதை நோயாளிகளும் குடும்பத்தாரும் மனத்தில் கொள்ள வேண்டும். கைகட்டி நின்று, “ஏதோ பார்த்துச் செய்யுங்கள் ஐயா” என்று வேண்டுவோரைக் காணும்போது எனக்கு வருத்தமே மிகுகிறது. தமிழ்நாட்டில் 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் என்ற பெயரில் தொடங்கப்பட்டு, 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாற்றியமைக்கப்பட்டு, 2018இல் ஒன்றிய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்துடன் இணைக்கப்பட்டது இன்றுள்ள ஏற்பாடு. ஆட்சிகள் மாறியும் அது தொடர்ந்திருக்கிறது. 2022இல் குடும்ப ஆண்டு வருமான வரம்பு 72,000 ரூபாயிலிருந்து 1,20,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஒரு குடும்பம் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். காப்பீட்டுக் கட்டணத்தை அரசு செலுத்துகிறது. அரசுக்கு அப்பணம் எங்கிருந்து வருகிறது என்றால், நீங்கள் வாங்கும் ஒவ்வொரு பொருளின் மீதும் செலுத்தும் வரியிலிருந்துதான். முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்களுக்கு இத்திட்டத்தில் வருமான வரம்பே இல்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். அதை அறியாமல் கடன் வாங்கியவர்கள் உண்டு.

திட்டத்தில் சேர்வதற்கான ஆவணங்கள் உண்மையில் அதிகமில்லை: குடும்ப அட்டை, ஆதார், வருவாய்த் துறையினர் தரும் வருமானச் சான்று. இவற்றைக் கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டுத் திட்ட மையத்தில் பதிவு செய்ய வேண்டும். இளையரசனேந்தல் மக்களுக்குச் சான்று கோவில்பட்டி வட்டத்தில் கிடைக்கும். பதிவு மையம் தூத்துக்குடியை அடுத்த கோரம்பள்ளத்திலுள்ள ஆட்சியர் அலுவலகத்தில். பழைய நினைவில் தென்காசிக்கோ திருநெல்வேலிக்கோ சென்று ஒரு நாளை வீணாக்க வேண்டாம். உங்கள் குடும்பத்துக்கு ஏற்கெனவே காப்பீட்டு எண் இருக்கிறதா என்பதைக் குடும்ப அட்டை எண்ணைக் கொண்டே அறியலாம். 1800 425 3993 என்ற கட்டணமில்லாத் தொலைபேசியில் கேட்கலாம். எங்கள் காப்பீட்டுப் பிரிவிலும் பார்த்துச் சொல்வார்கள். எண் இருந்தும் அதை அறியாமல் அலைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவசர நிலையில் சிகிச்சையைத் தொடங்கிவிட்டு ஒப்புதல் பெறவும் வழியுண்டு. ஆகவே அட்டை வரட்டும் என்று மூச்சுத்திணறும் ஒருவரை வீட்டில் வைத்துக் காத்திருப்பது வேண்டவே வேண்டாம்.

இடர் பெரும்பாலும் பெயரில் இருக்கிறது. தமிழரின் பெயர்முறை கணினிக்கு இன்னும் பழகவில்லை. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை பெயரின் முதலெழுத்துத்தான் உண்டு. திருமணமான பெண்ணுக்கு அந்த எழுத்தும் மாறுகிறது. ஆதாரில் தந்தையின் எழுத்து, குடும்ப அட்டையில் கணவரின் எழுத்து, வங்கிப் புத்தகத்தில் எழுத்தே இல்லை. மாரியம்மாள் ஓரிடத்தில் மாரியம்மா ஆகிறார். ஆங்கிலத்தில் தட்டச்சு செய்யும்போது சண்முகத்தாய் நான்கு விதமாகிறார். ஊரில் அழைக்கும் பெயரே அட்டையில் ஏறிவிட்ட முதியவர்களும் இருக்கின்றனர். இவற்றைவிடக் கடினமான நிலை, அட்டையில் பெயரே இல்லாதது. மகன் தனிக்குடித்தனம் போகும்போது புதிய அட்டை வாங்குகிறார்; தாயின் பெயர் பழைய அட்டையில் நீக்கப்பட்டுப் புதிய அட்டையிலும் சேர்க்கப்படாமல் விடுபடுகிறது. திருமணமாகி வந்த மருமகளின் பெயர் பிறந்த வீட்டு அட்டையிலேயே பத்தாண்டுகள் கிடக்கிறது. இத்திட்டத்தில் குடும்பம் என்பது கணவன் அல்லது மனைவி, சார்ந்திருக்கும் பெற்றோர், வேலை கிடைக்கும் வரை அல்லது மணமாகும் வரை அல்லது 25 வயது நிறையும் வரை பிள்ளைகள். இவர்கள் பெயர் குடும்ப அட்டையில் இருந்தாக வேண்டும். நியாயவிலைக் கடைக்குச் சர்க்கரை வாங்கச் செல்லும்போது இந்தப் பிழைகள் எவரையும் உறுத்துவதில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில்தான் உறுத்துகின்றன. நலமாக இருக்கும்போதே ஒரு மாலைப்பொழுதில் எல்லா அட்டைகளையும் எடுத்து, பெயரையும் பிறந்த தேதியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வீட்டில் சர்க்கரை நோயோ இரத்த அழுத்தமோ உள்ள ஒருவர் இருந்தால் அவருடைய அட்டையிலிருந்து தொடங்குங்கள்.

இனி இ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் அரசுக் காப்பீடு. கோவில்பட்டி வட்டாரத்தில் இதைத் தனியே பேச வேண்டியிருக்கிறது. இளையரசனேந்தல் பக்கத்துப் பெண்கள் பலர் தீப்பெட்டி ஆலைகளில் வேலை செய்கின்றனர். அவர்களின் சிறுநீரகம் கெடுவது பெரும்பாலும் கவனிக்கப்படாத சர்க்கரை நோயாலும் இரத்த அழுத்தத்தாலும்தான். நாற்பது, நாற்பத்தைந்து வயதில், குடும்பத்தின் முதன்மை வருவாய் ஈட்டுபவராக இருக்கும்போதே அந்நோய் வெளிப்படுகிறது. மருத்துவச் செலவோடு ஊதிய இழப்பும் சேர்ந்துகொள்கிறது.

நோயுற்ற நாளில் தொழிலாளிக்கு ஊதியம் வேண்டும் என்ற எண்ணம் புதியதன்று. ஜெர்மனியில் பிஸ்மார்க் அரசு 1883இலேயே அதற்குச் சட்டம் இயற்றிவிட்டது. இந்தியாவில் 1948இல் சட்டம் வந்தது. 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரில் நேரு திட்டத்தைத் தொடங்கிவைத்தார். தமிழகத்தில் 1955இல் கோயம்புத்தூரில் தொடங்கிற்று. இன்றைய விதிப்படி, மாத ஊதியம் 21,000 ரூபாய் வரை பெறும் தொழிலாளியின் ஊதியத்தில் 0.75 விழுக்காடு பிடிக்கப்படுகிறது. நிறுவனம் தன் பங்காக 3.25 விழுக்காடு செலுத்துகிறது. நாள் சராசரி ஊதியம் 176 ரூபாய்க்குள் இருப்பவர் தம் பங்கைச் செலுத்த வேண்டியதில்லை. அதாவது இது முன்கூட்டியே பணம் கட்டிப் பெறும் உரிமை.

இ.எஸ்.ஐ. என்றதும் மருந்தகத்தில் கிடைக்கும் மாத்திரையையே பலர் நினைக்கின்றனர். அதைவிடப் பெரிய பயன் நோய்க்கால ஊதியம். மருத்துவர் ஓய்வு தேவை என்று சான்றளித்தால், ஆண்டுக்கு 91 நாட்கள் வரை ஊதியத்தில் 70 விழுக்காடு பணமாகக் கிடைக்கும். அதற்கு ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாட்களுக்கு ஊதியம் பெற்றுப் பங்களிப்புச் செலுத்தியிருக்க வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை செலுத்திய பங்களிப்பு அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரையிலான காலத்துக்கு உரிமை தரும். அக்டோபர் முதல் மார்ச் வரை செலுத்தியது ஜூலை முதல் டிசம்பர் வரைக்கு உரிமை தரும். தீக்குச்சி வெயிலில் காய வேண்டிய தொழிலில், ஐப்பசி, கார்த்திகை மழையில் வேலை நாட்கள் குறைவது இயல்பு. எனவே வேலை செய்த நாட்களின் கணக்கைத் தொழிலாளியும் தம்மிடம் குறித்து வைத்திருப்பது நல்லது.

இவற்றையெல்லாம் விட முக்கியமான ஒன்றைச் சொல்வதற்காகவே இதை இவ்வளவு விரித்தேன். நீடித்த நோய்களுக்கென 34 நோய்கள் கொண்ட பட்டியல் ஒன்று இ.எஸ்.ஐ.யில் உண்டு. காசநோய், புற்றுநோய், பக்கவாதம், இதயச் செயலிழப்பு ஆகியவற்றோடு நாட்பட்ட சிறுநீரகச் செயலிழப்பும் அப்பட்டியலில் இருக்கிறது. இந்நோய் உள்ளவருக்கு 91 நாட்கள் முடிந்த பிறகும் ஊதியத்தில் 80 விழுக்காடு தொடர்ந்து கிடைக்கும். தேவையானால் மொத்தம் இரண்டு ஆண்டுகள் வரை நீட்டிக்கலாம். நோய் தொடங்குமுன் இரண்டு ஆண்டுகள் காப்பீட்டுக்கு உட்பட்ட வேலையில் இருந்திருக்க வேண்டும். அக்காலத்தின் நான்கு பங்களிப்புக் காலங்களில் 156 நாட்களுக்குப் பங்களிப்புச் செலுத்தியிருக்க வேண்டும். டயாலிசிஸ் தொடங்கிய ஒரு தீப்பெட்டித் தொழிலாளிக்கு இரண்டு ஆண்டுகள் ஐந்தில் நான்கு பங்கு ஊதியம் என்பது, பிள்ளையின் படிப்பு நிற்காமல் தொடர்வதற்கும் நின்றுபோவதற்கும் இடையிலுள்ள வேறுபாடு. என்னிடம் வந்தவர்களில் இதை முன்பே அறிந்திருந்தவர் மிகச் சிலர். நோய் தெரிந்த அதே வாரத்தில் ஆலைக்கு எழுதிக்கொடுத்து வேலையிலிருந்து விலகிவிட்டு, பிறகு எங்களிடம் வந்து சொல்கின்றனர். தயவுசெய்து விலகல் கடிதம் கொடுக்குமுன் ஒருமுறை கேளுங்கள். “இனி வேலைக்கு ஆகமாட்டாய், எழுதிக் கொடுத்துவிட்டுப் போ” என்று எவர் சொன்னாலும் அன்றே கையெழுத்திட வேண்டாம்.

நிறுவனம் பங்களிப்பைச் செலுத்தாமல் விட்டிருந்தால் தொழிலாளிக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிடுவதும் உண்டு. அப்படியன்று. செலுத்தத் தவறிய நிறுவனத்திடமிருந்து வசூலித்துக்கொண்டு, தொழிலாளிக்குரிய பயனை இ.எஸ்.ஐ. கழகம் வழங்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. வேலை செய்தமைக்குச் சான்று இருந்தால் கிளை அலுவலகத்தில் எழுத்துமூலம் முறையிடலாம். வீட்டில் அமர்ந்து பெட்டி ஒட்டும் பெண்கள் பலர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அவர்களுக்கு முதலமைச்சர் காப்பீடு ஒன்றே துணை. அது சிகிச்சை தரும், ஊதியம் தராது. இந்த இடைவெளியை அரசு இன்னும் நிரப்பவில்லை.

மருத்துவர்கள் பக்கத்துக்கும் வருகிறேன். எம்.பி.பி.எஸ். படிப்பிலோ மேற்படிப்பிலோ ஒரு சான்றிதழைக் காப்பீட்டு அலுவலர் எப்படிப் படிப்பார் என்று எவரும் கற்பிப்பதில்லை. அதனால் மருத்துவர்கள் மருத்துவர்களுக்காக எழுதுகின்றனர். நோயின் பெயரை மூன்று ஆங்கில எழுத்துகளில் சுருக்கி எழுதினால் சக மருத்துவருக்கு விளங்கும். கிளை அலுவலக எழுத்தருக்கு விளங்காது. அவர் கோப்பை ஒதுக்கி வைப்பார். நோயாளி மீண்டும் பேருந்து ஏறுவார். டிஸ்சார்ஜ் சம்மரியில் நோயின் பெயர் முழுமையாக இருக்க வேண்டும். நோய் கண்டறியப்பட்ட தேதி, சேர்ந்த தேதி, வெளியேறிய தேதி, எத்தனை நாட்கள் ஓய்வு, எந்த வேலையைச் செய்யக் கூடாது, அடுத்த சிகிச்சை எப்போது என்பவை தெளிவாக இருக்க வேண்டும். பெயர் ஆதாரில் உள்ளபடியே இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று விடுபட்டிருந்தாலும் வெளியேறுமுன் எங்களைக் கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். “டாக்டர் என்ன நினைப்பாரோ” என்ற தயக்கம் வேண்டாம். மருந்தின் அளவை மாற்றி எழுதியிருந்தால் கேட்பீர்கள் அல்லவா, இதுவும் அப்படித்தான்.

இ.எஸ்.ஐ. காப்பீட்டாளர் வெளி மருத்துவமனையில் சிகிச்சை பெற்றால், அந்த மருத்துவமனையின் சான்றே நேரடியாக ஊதியத்தைப் பெற்றுத் தந்துவிடாது. அதைக் கொண்டுபோய்த் தம் இ.எஸ்.ஐ. மருந்தக மருத்துவரிடம் காட்டி, அவர் வழியாக உரிய சான்றைப் பெற வேண்டும். மூன்று மாதம் கழித்து ஒரே கட்டாகக் கொண்டு செல்வதால் வரும் சிக்கல்கள் பல. படுக்கையில் இருப்பவருக்காகக் குடும்பத்தார் எவரேனும் முதல் வாரத்திலேயே சென்று தெரிவித்துவிடுவது நல்லது.

அலுவலகத்தில் நடந்துகொள்ளும் முறை பற்றி எனக்குத் தெரிந்தவற்றை நோயாளிகளிடமிருந்தே கற்றேன். பத்தாண்டுகளாக டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஒரு பெரியவர், எந்த அலுவலகத்திலும் ஒப்புகைச் சீட்டு இல்லாமல் ஒரு தாளையும் தரமாட்டார். மூலத்தைக் கொடுக்கமாட்டார், நகலைத்தான் கொடுப்பார். எவரிடம் பேசினார், என்ன சொன்னார் என்பதை ஒரு பள்ளி நோட்டில் தேதியிட்டு எழுதி வைத்திருக்கிறார். “இல்லை என்று சொன்னால் போதாது, ஏன் இல்லை என்று எழுதித் தரச் சொல்லுங்கள் சார், பாதி இல்லை அப்போதே ஆமாம் ஆகிவிடும்” என்றார் என்னிடம். வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் கட்டணம் 60 ரூபாய். அதற்கு மேல் கேட்கும் இடைத்தரகரிடம் அசல் ஆவணங்களை ஒப்படைக்காதீர்கள். விண்ணப்பம் நகரவில்லையென்றால் திங்கட்கிழமைதோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்கலாம். 1100 என்ற எண்ணிலும் தெரிவிக்கலாம். அதற்கும் அசையாவிட்டால் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், என் விண்ணப்பம் இன்று எவர் மேசையில் இருக்கிறது என்று கேட்கலாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். டயாலிசிஸ் நோயாளிக்கு 30 நாட்கள் நீண்ட காலம்தான்.

அலுவலர்கள் எல்லோரும் கல்நெஞ்சர் என்று நான் சொல்லவில்லை. விடுமுறை நாளில் வந்து கையொப்பமிட்டுக் கொடுத்த கிராம நிர்வாக அலுவலரை எங்கள் நோயாளி ஒருவர் இன்றும் வாழ்த்துகிறார். ஆனால் நல்ல மனிதர் ஒருவர் அமையும்வரை காத்திருக்க நோயாளிக்கு நேரமில்லை. நல்ல மனம் இல்லாதவர் இருக்கும் நாளிலும் வேலை நடக்கும்படி ஏற்பாடு இருக்க வேண்டும்.

அப்படி ஓர் ஏற்பாடு இயலாததும் அன்று. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், இரத்த அழுத்த மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் வீடு தேடி வருகின்றன. வயிற்றுவழி டயாலிசிஸ் செய்துகொள்வோருக்கான திரவப் பைகளும் வீட்டுக்கே வழங்கப்படுகின்றன. இரண்டு லிட்டர் திரவப் பையை வீட்டு வாசல்வரை கொண்டுவந்து தரும் அரசால், ஒரு தாள் வருமானச் சான்றைக் கொண்டுவர முடியாதா? வீட்டுக்கு வரும் அந்தச் சுகாதாரப் பணியாளருக்கு எவருக்குச் சர்க்கரை கூடியிருக்கிறது, எவர் கால் வீங்கியிருக்கிறது என்பது தெரியும். அவ்வீட்டுக் குடும்ப அட்டையில் காப்பீட்டு எண் இருக்கிறதா என்பதையும் அவரே அப்போதே பார்த்துப் பதிவு செய்தால், சிறுநீரகம் செயலிழக்கும் நாளுக்கு நான்கைந்து ஆண்டுகள் முன்பே காகித வேலை முடிந்திருக்கும். அவருக்கு ஏற்கெனவே வேலைப்பளு மிகுதி என்பதை அறிவேன். அதற்கெனக் கூடுதல் ஊதியமும் கருவியும் தர வேண்டும். எல்லை மாறிய ஊர்களுக்கு இன்னொன்றும் தேவை. இளையரசனேந்தல் குறுவட்டத்தின் ஊர்ப் பெயருடன் திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி ஆகிய எந்த மாவட்டத்தின் பெயர் எழுதப்பட்டிருந்தாலும், அதைக் காரணமாகக் காட்டி விண்ணப்பத்தைத் திருப்பக் கூடாது என்று ஒரே ஒரு சுற்றறிக்கை போதும்.

மருத்துவமனையும் தன் பங்கைச் செய்ய வேண்டும். புதிதாக டயாலிசிஸ் தொடங்கும் ஒவ்வொருவரின் கோப்பிலும், இரத்த வகைக்கு அடுத்த வரியில் காப்பீட்டு நிலை எழுதப்பட வேண்டும். காலையில் நோயாளிகளைப் பார்த்துவரும்போது கிரியாட்டினின் அளவைக் கேட்பது போலவே அதையும் கேட்க வேண்டும் என்பது என் எண்ணம். இதைச் சக மருத்துவர்களிடமும் சொல்லி வருகிறேன். சிலர் சிரிக்கின்றனர், சிலர் கேட்கத் தொடங்கியிருக்கின்றனர்.

இரயிலில் வருவோருக்கு ஒரு சிறு செய்தி. டயாலிசிஸுக்காகப் பயணம் செய்யும் சிறுநீரக நோயாளிக்கும் உடன் வரும் ஒருவருக்கும் இரயில் கட்டணச் சலுகை உண்டு. இரண்டாம் வகுப்பில் முக்கால் பங்கு குறையும். அதற்குரிய படிவத்தில் மருத்துவர் கையொப்பம் வேண்டும். கோவில்பட்டி நிலையத்திலிருந்து வருவோர் அடுத்த முறை சிகிச்சைக்கு வரும்போது அப்படிவத்தைக் கேளுங்கள்; படுக்கையருகிலேயே நிரப்பித் தருகிறோம். அன்று குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றின் நகல்களையும், ஆலையில் வேலை செய்தவரானால் இ.எஸ்.ஐ. எண்ணையும் எடுத்து வாருங்கள்.